மிஞ்சிய பதினெட்டுப் பணிஸ்

யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைக் கல்விக் கந்தோருக்கு, அலுவலகக் கணக்கெழுதும் லிகிதராக வந்தபோது தியாகலிங்கத்துக்கு இருபத்தாறு வயது. அறுபத்தெட்டாம் ஆண்டு அது. தீவுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்கும் பணிஸ் என்ற இனிப்பு ரொட்டியை அனுப்பும் பொறுப்பை அவனிடம் கொடுத்தார்கள். அதுவரை பேக்கரிப் பணிஸ் சாக்கு மூட்டையில் வள்ளம் ஏறி, நனைந்தும் நசிந்தும் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குத்தான் போய்ச் சேரும். தியாகலிங்கம் மூடிபோட்ட தகரப்பெட்டிகள் செய்வித்தான். அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் தனித்தனியே போன வள்ளங்களை ஒன்றாக்கினான். பத்து மணி இடைவேளைக்கே பணிஸ் போய்ச் சேர்ந்தது. நல்ல வேலைதான், ஒருவரும் மறுக்கமாட்டார்கள்.

அதோடு நின்றிருக்கலாம். எழுவைதீவுப் பள்ளிக்கூடத்து வரவு இடாப்பில் அறுபத்தாறு பெயர், அத்தனை பணிசும் போகும். நாளாந்தம் வருவதோ நாற்பத்தெட்டுப் பேர். மிச்சம் பதினெட்டுப் பணிஸ் எங்கே போகிறது என்று பார்க்க ஒருநாள் வள்ளம் ஏறினான்.

தலைமையாசிரியர் ஏரம்பு எதையும் ஒளிக்கவில்லை. வகுப்புக்குள்ளேயே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். ஐந்தாம் வகுப்பில் மேரிஜோசப்பின் என்ற சிறுமி, குழந்தைத் தம்பியை மடியில் வைத்தபடி, அவர் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிக்குமுன்பே விடையைச் சொன்னாள். இருக்கை வாங்குகளுக்கு இடையில் இன்னும் பல சின்னஞ்சிறுசுகள்.

"உதுகளுக்குத்தான் குடுக்கிறனான், தம்பி. தாய்மார் விடியவே கரைக்கு மீன் வேலைக்குப் போயிடுவினம். பெட்டையள் இதுகளை இடுப்பில காவிக்கொண்டுதான் படிக்க வருகினம்."

"இடாப்பில பேர் இல்லாத பிள்ளையளுக்குக் குடுக்கேலாது, மாஸ்டர்."

"நீர் சொல்லுறது சட்டப்படி சரி. ஆனா இதை நிப்பாட்டினா பெரிசுகளும் வராதுகள்."

தியாகலிங்கம் சிரித்துவிட்டான். வயதான மனிதர், மிகைப்படுத்துகிறார் என்று நினைத்தான். போன மாதம் நாளாந்தம் எத்தனை பிள்ளைகள் வந்தார்களோ அத்தனை பணிஸ்தான் இந்த மாதம் என்று விதி எழுதி மேலே அனுப்பினான். மேலிடத்துக்குப் பிடித்துவிட்டது. எல்லாத் தீவுப் பள்ளிக்கூடங்களுக்கும் அந்த விதி சுற்றுநிருபமாகப் போனது.

எழுவைதீவில் நாளாந்த வரவு நாற்பத்தெட்டிலிருந்து நாற்பத்தொன்றாகி, பிறகு முப்பத்துநாலானது. பிள்ளைகள் குறையக் குறையப் பணிசும் குறைந்தது. கந்தோர்க் கடதாசியில் அது சிக்கனமாகவே தெரிந்தது. பாராட்டுக் கடிதம் வந்தபோது அதை மனைவி மனோகரிக்கு இரண்டுதரம் வாசித்துக் காட்டினான். ஏரம்பு எழுதிய கடிதங்களைக் கந்தோர்க் கடிதக் கோவைக்குள் போட்டான், பதில் எழுதவில்லை.

இருபத்தொன்பது என்ற எண்ணைப் பார்த்த அன்றுதான் அவனுக்கு நெஞ்சு உறுத்தியது. மறுபடி போனான். இறங்குதுறைக்குப் பக்கத்தில், பாயில் காய்ந்த மீனுக்குக் காவலாகக் காகம் கலைத்துக்கொண்டு நின்றாள் மேரிஜோசப்பின். இடுப்பில் தம்பி.

பக்கத்தில் மீன் கீறிக்கொண்டிருந்த தாய் அல்போன்சம்மாவிடம், "ஏன் பிள்ளையைப் பள்ளிக்கூடம் விடுறேல்லை?" என்று கேட்டான்.

"என்னத்தைச் சொல்ல, ஐயா. தன்ரை பணிசைத் தம்பிக்குக் குடுத்துப்போட்டு இவள் வெறும் வயித்தோட இருந்திருக்கிறாள். ரெண்டுதரம் மயங்கி விழுந்திட்டாள். அதுக்குப் பிறகு நான்தான் மறிச்சனான். கந்தோருக்குப் புதுசா வந்த ஆரோதானாம் குறைச்சது."

அந்த ஆள் நான்தான் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சிறுமியிடம் திரும்பி, "நாளைக்குப் போறியே, பிள்ளை?" என்றான். "ஓம்" என்றாள் அவள், மரியாதைக்கு.

விதியை மாற்றச் சொல்லி எழுதினான். விதி நன்றாக வேலை செய்கிறது, ஒரு பள்ளிக்கூடத்துக்காக மாற்ற ஏலாது என்று பதில் வந்தது. பிறகு அவன் செய்தது களவுதான். மாதாமாதம் எழுவைதீவுப் பிள்ளைகளின் வரவைத் தன் கையாலேயே அறுபத்தாறு என்று எழுதி அனுப்பினான். சின்னதுகளுக்கு மறுபடி பணிஸ் கிடைத்தது. பெட்டைப் பிள்ளைகளில் பாதிப்பேர் திரும்பி வந்தார்கள். மேரிஜோசப்பின் வரவில்லை, அதற்குள் தாய்க்கு அவள் இல்லாமல் வேலை ஓடாது என்றாகிவிட்டது.

நான்கு வருடம் கழித்து இடமாற்றம் வரும்வரை தியாகலிங்கம் அந்தப் பொய்யை எழுதினான். ஆனால் அதே சுற்றுநிருபம் போன மற்றத் தீவுகளின் பள்ளிக்கூடங்களை ஒருதரமாவது போய்ப் பார்க்கவில்லை. அங்கே என்ன காண்பான் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.