கஸ்தூரி நிற்கும் இடம்

1

ஒரு பஸ்ஸைப் போகவிட்டதால் எனக்குக் கிடைத்த கதை இது. எண்பத்து மூன்றில், பழவேற்காட்டில் பொன்னேரி பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். எதிரே அமீர் ஜான் பாயின் மனையில் காலை இறால், நண்டு ஏலம். கேட்டுக்கு உள்ளே ஒரு வேன் ஓயாமல் ஹாரன் அடித்தது. அதன் மூக்குக்கு நேரே, மூன்று சக்கர வண்டியில் ஒரு பெண் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். பஸ் வந்தது, போயிற்று. நான் ஏறவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைக் கண்ணால் பார்த்தேன். முன்னால் நடந்ததை விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அவள் மனதில் ஓடியதை மட்டும் நானாக எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "பாவம், சின்ன வயதிலேயே இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு கால்களையும்..."

(நிறுத்திவிட்டேன். 'பாவம்' என்று கூப்பிட்டால் அவள் இந்தக் கதைக்குள் வரவே மாட்டாள்.)

இரண்டாவது: "ஏரியின் மேல் சூரியன் மெல்ல..."

(சூரியனுக்கும் இந்தத் தகராறுக்கும் சம்பந்தமில்லை.)

மூன்றாவது: கஸ்தூரி நண்டு வியாபாரி.

இது போதும்.

3

கஸ்தூரி நண்டு வியாபாரி. வீட்டில் மற்ற எல்லாரும் ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள். அவளால் இறங்க முடியாது. அதனால் மற்றவர்கள் பிடித்ததை வாங்கி விற்கக் கற்றுக்கொண்டாள். ஆரம்பத்தில் அண்ணன் முதுகில் சுமந்து வந்து ஏலத்தில் விடுவான். அவனுக்கு வேலை வந்தால் அவளுக்கு வியாபாரம் கிடையாது. சர்க்காரில் கையால் சுற்றி ஓட்டும் வண்டி கொடுத்த பிறகு யாரையும் எதிர்பார்க்காமல் வந்தாள், எடுத்தாள், திருப்பாலைவனம் வரை தானே ஓட்டிப்போய் விற்றாள். அந்தச் சாலையில் வண்டி ஓட்டும்போது அவள் தலை சற்று நிமிர்ந்தே இருக்கும் என்று சொன்னார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது, இருக்கட்டும்.

பாயின் மனை முழுக்க மணல். ஏலக் கொட்டகையை ஒட்டி ஒரு துண்டு மட்டும் சிமெண்டுத் தரை. கேட்டருகே உள்ள மணலை நிற்காமல் வேகமாகத் தாண்டினால் அந்தத் தரைக்குப் போய்விடலாம். அங்கே நின்றால்தான் ஏலம் விடும் தங்கவேலுவின் குரல் காதில் விழும், அவள் தூக்கும் கை அவன் கண்ணில் படும்.

அந்தத் தரையில்தான் இறால் கம்பெனி வேன் வந்து நின்றது.

4

(வேன் டிரைவர் கண்ணப்பனுக்கு முதலில் முறுக்கு மீசையும் சிவந்த கண்ணும் கொடுத்திருந்தேன். அடித்துவிட்டேன். நான் பார்த்த மனிதர் ஒல்லியாக, தூக்கம் கெட்டுப்போய் இருந்தார். ஒருமுறை அதே மணலில் டயர் புதைந்து, மேலே ஏற்றுவதற்குள் ஐஸ் பாதி கரைந்துவிட்டதாம். அவருக்கும் அந்தத் தரை வேண்டியிருந்தது. கெட்டவன் ஒருவன் கிடைத்திருந்தால் எழுதுவது சுலபம்.)

முதல் நாள் கஸ்தூரி கேட்டுக்கு வெளியே நின்று கத்திப் பார்த்தாள். நண்டெல்லாம் மற்றவர்களுக்குப் போயிற்று. தங்கவேலு வந்து, "இன்னா கஸ்தூரி, நாலு பேரு தூக்கினு போயி உள்ள உக்கார வெச்சிடறோம்" என்றான்.

"தெனம் தூக்குவியாண்ணே?"

அவன் கொட்டகைக்குப் போய்விட்டான். அவளும் வெறும் கூடையோடு திரும்பினாள். வழியில் அழுதாள் என்று எழு... இல்லை. கோபம் இருந்தது. அழுகை இருந்ததாக யாரும் சொல்லவில்லை.

5

மறுநாள்தான் நான் பஸ்ஸை விட்டேன்.

இறால் ஏலம் முடிந்து, வேனில் சரக்கு ஏறிவிட்டது. அடுத்து நண்டு. கண்ணப்பன் வண்டியைக் கிளப்பினார். கஸ்தூரி சாலையிலிருந்து வேகமாக வந்து கேட்டருகே மணலின் நடுவில் கைப்பிடி சுற்றுவதை நிறுத்தினாள். நின்றால் சக்கரம் புதையும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் நின்றாள்.

"யம்மா, நவுரு! சரக்கு கெட்டுப்போவும்!"

"நேத்து என் வியாபாரம் கெட்டுப்போச்சிண்ணே."

வண்டியோடு தூக்கி வைக்கலாம் என்று கண்ணப்பன் ஆள் தேடினார். ஒருவரும் நகரவில்லை. சத்தம் கேட்டு அமீர் ஜான் பாய் வீட்டிலிருந்து வந்தார்.

"என் எடத்துல உன்ன யாருப்பா வண்டி போடச் சொன்னது?"

"யாரும் சொல்லல பாய். இந்தப் பொண்ண மட்டும் யாரு சொன்னாங்க?"

கேள்வி நியாயமானது. அவளுக்கும் யாரும் அனுமதி கொடுத்திருக்கவில்லை. பாய் தாடியைத் தடவினார். "சரி, விடுப்பா. கால் வெளங்காத பொண்ணு. போனாப் போவுது, அங்கியே நிக்கட்டும்."

கஸ்தூரி ஜெயித்துவிட்டாள். பேசாமல் இருந்திருக்கலாம்.

"காலுக்காவக் குடுக்காதீங்க பாய்" என்றாள். "ஏலம் எடுக்கறவங்க அல்லாரும் உங்க எடத்துலதான் நிக்கிறாங்க. யாரையாவது கேட்டீங்களா? நானும் ஏலம் எடுக்கறவ. அவர் வண்டிய நிறுத்துறாரு. நான் நிறுத்தல பாய். நான் நிக்கிறேன்."

பாய் அவளையும் சக்கரங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு டிரைவரிடம் திரும்பினார். "வடக்கால கிளிஞ்சல் கொட்டிக் கெட்டி பண்ணித் தரேன். நாளையிலேர்ந்து அங்க போடு. இது ஏலம் எடுக்கறவங்க நிக்கிற எடம்."

6

இங்கே முடித்திருக்கலாம். ஆனால் அவள் வண்டி புதைந்து கிடக்கிறதே.

முடிவு ஒன்று: அவள் தனி ஆளாய்க் கைப்பிடியைச் சுற்றி மணலிலிருந்து மேலே வருகிறாள். (கைதட்டல் வாங்கும். பொய்.)

முடிவு இரண்டு: ஊரே சேர்ந்து அவளைத் தூக்குகிறது. (எழுதினால் என்னை மன்னிக்க மாட்டாள்.)

நடந்தது: அவள் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தாள். சக்கரம் இன்னும் இறங்கியது. இரண்டு பேர் ஓடிவந்தார்கள். கை காட்டி அவர்களை நிறுத்தினாள். பிறகு கண்ணப்பனைப் பார்த்து, "இன்னாண்ணே, பாத்துகினே கீற? பின்னால புடிச்சி ரோட்டுக்கு ஒரு இழு இழு. நீயும் போவணும், நானும் போவணும்" என்றாள்.

கேட்டது அவள்தான், யாரைக் கேட்பது என்று முடிவு செய்ததும் அவள்தான். கண்ணப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இழுத்தார். வண்டி தார்ச்சாலைக்கு வந்தது. வேன் வெளியேறியது.

கஸ்தூரி இன்னும் கொஞ்சம் பின்னால் போனாள். பிறகு தோள் இரண்டும் உருள, மணலை ஒரே வீச்சில் தாண்டிச் சிமெண்டுத் தரையில் போய் நின்றாள்.

7

தங்கவேலு முதல் கூடை நண்டைக் கொட்டுகிறான். அவளுடைய கை மேலே போகிறது. எதிரே பெரிய வியாபாரி கிருஷ்ணனும் கை தூக்குகிறார். விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. கஸ்தூரியும் அதை எதிர்பார்க்கவில்லை.

கூடை யாருக்குப் போயிற்று என்று எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. நீங்களும் ஏலத்துக்கு வந்தவர்கள்தானே, நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். அவளுக்காக விலையை மட்டும் குறைத்துவிடாதீர்கள்.