ஐந்தாவது கேள்வி

அந்த மாற்று மருத்துவ நிலையத்தில் மொத்தம் நாலே அறைகள். முதல் அறையில் அக்குபங்சர்காரர். அடுத்ததில் சர்க்கரை உருண்டைப் புட்டிகளோடு ஹோமியோபதி அம்மா. மூன்றாவதில் யோகாவும் மூச்சுப் பயிற்சியும். எண்ணெய் மணக்கிற கடைசி அறை, அக்கா தங்கை இருவரில் தங்கையுடையது. மசாஜில் அவள் கை கெட்டிக்காரக் கை.

புதிதாக வருகிறவர்களுக்கு எது எதற்கு என்று விளக்குவதும் அவள்தான். "இதெல்லாம் டாக்டர் வைத்தியத்துக்குத் துணைங்க. அதுக்குப் பதில் இல்ல," என்று சொல்லித்தான் படிவத்தை நீட்டுவாள். அதில் ஐந்தாவது கேள்வி: இந்தத் தொந்தரவுக்கு மருத்துவரைப் பார்த்தீர்களா? இல்லையென்றால் கட்டிலில் ஏறவே விடமாட்டாள். எத்தனையோ பேர் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். போகட்டும் என்று விட்டுவிடுவாள்.

ஊருக்குத்தானே உபதேசம்! கூடப்பிறந்த அக்காவுக்கு யாராவது படிவம் நீட்டுவார்களா?

அக்கா தையல் கம்பெனியில் நாள் முழுக்க மெஷின் முன்னால் குனிந்தே இருப்பவள். தோள்பட்டைக்குக் கீழே வலி என்றாள். தங்கையின் விரலுக்குப் பட்டாணி அளவில் ஒரு முடிச்சு தட்டுப்பட்டது.

"தசை முடிச்சுக்கா. நாலு தடவை அழுத்துனா கரைஞ்சுடும்."

"நீ இருக்கும்போது எனக்கென்னடீ கவலை!"

வாரா வாரம் அழுத்தினாள். அக்காவுக்கும் இரண்டு நாள் சுகமாக இருக்கும். முடிச்சு மட்டும் எலுமிச்சை அளவு ஆகிவிட்டது. அன்றுதான் தங்கைக்கு அது தசை முடிச்சு இல்லை என்று உறைத்தது. அக்காவை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள்.

சோதனை முடிவுகள் வந்த அன்று டாக்டர் கேட்டார். "இது எத்தனை நாளா இருக்கு?"

அக்கா முந்திக்கொண்டாள். "ஒரு பத்து நாளாத்தான் டாக்டர்."

பாவி, அந்த நேரத்திலும் தங்கையைக் காப்பாற்றப் பார்க்கிறாள்!

"நாலு மாசம் டாக்டர்," என்றாள் தங்கை. "நான்தான் முதல்ல தொட்டுப் பார்த்தேன். தசை முடிச்சுன்னு நினைச்சு அழுத்திக்கிட்டே இருந்தேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அழுத்துனதால வந்த நோய் இல்லம்மா. ஆனா அப்பவே வந்திருந்தா வெட்டி எடுத்திருக்கலாம். இப்ப நுரையீரலுக்குப் போயிடுச்சு."

வெளியே வந்ததும் அக்கா பொரிந்து தள்ளினாள். "உன்னை யாரு வாயைத் திறக்கச் சொன்னா?"

தங்கைக்கு அழத்தான் முடிந்தது. மறுநாளிலிருந்து அவள் வேலைக்குப் போகவில்லை. யார் உடம்பையும் தொடவில்லை.

மூன்றாவது கீமோ முடிந்த மதியம். அக்காவின் தலையில் முடியில்லை, கன்னத்தில் சதையில்லை. சன்னலோரக் கட்டிலில் கிடந்தவள் மெதுவாகக் காலை நகர்த்தினாள்.

"காலைக் கொஞ்சம் பிடிச்சு விடேன்டீ. எரியுது."

"வேணாங்க்கா. என் கை ஆகாது."

"உன் கை ஆகாம வேற யாரு கைடீ ஆகும் எனக்கு?"

தங்கை எழுந்து போய் டாக்டரிடம் கேட்டாள். பாதத்தை மட்டும், அழுத்தாமல் பிடிக்கலாம் என்றார். திரும்பி வந்து கைப்பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். அக்காவின் பெயர், வயது, தொழில் எல்லாம் எழுதினாள். ஐந்தாவது கேள்விக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினாள்.

"டாக்டரைப் பார்த்தீங்களா?"

அக்கா சிரிக்கப் பார்த்தாள். இருமல்தான் வந்தது.

"பார்த்தாச்சுடீ," என்றாள். "நீ எழுதிக்கோ."