நார்மல் என்று எழுதிய குப்பி

திரையில் இரண்டு இதயச் செல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இடப்பக்கம் இருந்தது போன வாரம் வேறொரு ஆய்வகத்திலிருந்து வந்தது. அதன் விளிம்பு நெடுக ஸ்கெட்ச் பேனாவால் வரைந்த மாதிரி பச்சைக் கோடு. வலப்பக்கம் இருந்தது ஏழு வருடத்துக்கு முன் எடுத்த ரத்தத்திலிருந்து இந்த ஆய்வகத்திலேயே வளர்த்துவரும் இதயச் செல். அதில் விளிம்பு வெறிச்சென்று இருக்க, பச்சை உள்ளே திட்டுத் திட்டாகக் கிடந்தது.

பச்சை என்பது பொட்டாசியம் சேனல். ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு பொட்டாசியத்தை வெளியே விட்டு இதயத்தை அடுத்த துடிப்புக்குத் தயார்செய்கிற கதவு. கதவு நன்றாக இருந்தால் போதாது, அதைச் செல்லின் சுவரில் பிடித்து நிறுத்த நங்கூரப் புரதம் வேண்டும். அது பரம்பரையாகவே பழுதாகியிருந்தால், சும்மா இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. ஓடும்போது, நீந்தும்போது, திடீர்ச் சத்தத்தில் திடுக்கிடும்போது இதயம் தடுமாறி நின்றேவிடலாம். இதை ஆராயும் அவள் வாயைத் திறந்தால் இந்தக் கதைதான் என்பதால் ஆய்வகத்தில் அவளுக்குப் பெயரே பொட்டாசியம்.

நோயாளிகளோடு ஒப்பிட வைத்திருக்கும் உங்கள் நார்மல் செல்லை வெளியார் செல்லோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள் என்று அவள் கட்டுரையைப் பரிசீலித்த யாரோ கேட்டிருந்தார். வேண்டாத வேலை என்று நேற்றுவரை அவரைத் திட்டித் தீர்த்தாள்.

"சாயம் சரியா ஏறலையோ?" என்று கேட்டாள்.

"மூணு தடவை பண்ணியாச்சு," என்றார் நுண்ணோக்கியைக் கவனிக்கும் அண்ணன். அவர் இங்கே சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. "நம்ம நார்மல்தான் நார்மல் இல்ல, பொட்டாசியம். நங்கூரத்தையே காணோம் பாரு. ரத்தம் குடுத்த புண்ணியவான் யாரோ, பாவம். இருக்காரோ, போய்ச் சேர்ந்துட்டாரோ."

ஆய்வகம் தொடங்கிய முதல் வாரம் நோயாளிகளின் ரத்தம் வந்துவிட்டது, ஒப்பிட ஆரோக்கியமான ரத்தம் வரவில்லை. அனுமதிக் கடிதத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்க யாருக்குப் பொறுமை? எனக்கென்ன கேடு, கல்லு மாதிரி இருக்கேன் என்று சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் அவள்தான். குப்பியில் நார்மல் என்று எழுதியதும் அவள்தான். வந்த நோயாளிகளையெல்லாம் தன்னோடு ஒப்பிட்டுவிட்டு, பெரிய வித்தியாசம் தெரியவில்லையே என்று ஏழு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறாள்.

"அண்ணா, அது நான்."

அவர் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயத்தில் அவள் மயங்கி விழுந்தபோது, சாப்பிடாம ஓடினா இப்படித்தான் என்றாள் அம்மா. போன மாதம் நீச்சல்குளத்துப் படியில் தன் மகள் மயங்கி விழுந்தபோது அவளும் அதையேதான் சொன்னாள். ஒரு முட்டையைக் கூடுதலாக ஊட்டி மறுபடி அனுப்பிவைத்தாள். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நாலு பத்து. நீச்சல் வகுப்பு நாலு மணிக்கு.

நெடுநேரம் மணி அடித்தபிறகு நீச்சல் மாஸ்டர் போனை எடுத்தார். பின்னால் பிள்ளைகளின் கூச்சல்.

"மாஸ்டர், பாப்பாவ உடனே வெளிய எடுங்க."

"ரேஸ் விட்டிருக்கேன் மேடம். உங்க பொண்ணுதான் முன்னாடி போயிட்டிருக்கா. நிறுத்தணுமா? இருங்க, விசில் அடிக்கிறேன்..."

"ஐயோ, விசில் வேண்டாம்! அவ திடுக்கிடக் கூடாது. அவ இதயம் தாங்காது. நீங்களே இறங்கிப் போய் மெதுவாத் தூக்குங்க!"

போனைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. கனத்த உடம்பு ஒன்று தண்ணீரில் இறங்கியது. அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. அவர் தயங்கித் தயங்கி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நாடியை எண்ணத் தொடங்கினார்.

போனில் பிள்ளைகளின் கூச்சல் ஒவ்வொரு குரலாக அடங்கிக்கொண்டே வந்தது. மாஸ்டர் இன்னும் போனுக்குத் திரும்பவில்லை; கடைசியில் தண்ணீர் மட்டும் குளத்துச் சுவரில் தட்டிக்கொண்டிருந்தது.