காலி இடத்துக்குப் பரிவட்டம்

வசந்தாமணி ஊருக்குச் செய்த கெடுதல் ஒன்றே ஒன்றுதான். போஸ்டரில் கொஞ்சம் இடம் விட்டாள். கொஞ்சம் என்றால் முக்கால்வாசி.

எண்பத்து நான்காம் வருஷம். பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் கொடிக்கால்புதூர் என்று ஓர் ஊர். அங்கே வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த தங்கசாமியின் ஒரே மகள் இவள். இரண்டு வருஷமாக நாமக்கல்லுக்கு ஒரு பஸ், அங்கிருந்து சேலத்துக்கு இன்னொரு பஸ் என்று ஏறி இறங்கி, ஒரு மாடிக் கட்டடத்தில் விளம்பர ஓவியம் படித்துக்கொண்டிருந்தாள். கச்சேரி போஸ்டர், பத்திரிகை அட்டை, இசைத்தட்டின் உறை இவற்றையெல்லாம் எப்படி அமைப்பது, எந்த எழுத்தை எங்கே உட்கார வைப்பது, எந்த வண்ணத்துக்குப் பக்கத்தில் எந்த வண்ணம் சண்டை போடாமல் இருக்கும் என்பதுதான் படிப்பு. ஊரில் அதைப் படிப்பென்று ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. "போர்டு எழுதறதுக்கா இத்தனை பஸ்ஸு?" என்று கேட்டார்கள்.

பத்திரிகை அட்டைக்கு அவள் வகுப்பிலேயே முதலாவதாக வந்துவிட்டாள். அதைப் பார்த்த மதராஸ் வாரப் பத்திரிகை ஒன்று, சான்றிதழோடு வந்தால் ஓவியப் பிரிவில் வேலை உண்டு என்று கார்டு போட்டிருந்தது. பாக்கி இருந்தது ஒரே ஒரு பரீட்சை. நிஜமான கச்சேரிக்கு, நிஜமான சுவரில் ஒட்டுகிற மாதிரி ஒரு போஸ்டர். அதைப் பார்க்கப் பரீட்சை அதிகாரி நேரிலேயே வருவார். அதற்கு ஒரு விதியும் உண்டு. வரைந்தவரின் பெயர் பொதுமக்கள் அறியும்படி வெளியாகியிருக்க வேண்டும்.

தேறினால் மதராஸ். தவறினால் வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை திருச்செங்கோடு, ரிக் வண்டி வைத்துப் போர்க்கிணறு போடுகிற வீடு. மாப்பிள்ளை மேல் குற்றம் சொல்ல முடியாது. பெண் பார்க்க வந்த அன்று முக்கால் மணி நேரம் பூமிக்கு அடியில் இருப்பதைப் பற்றியே பேசினார். அறுநூறு அடி வரைக்கும் வசந்தாமணியும் பொறுமையாகக் கூடவே இறங்கினாள். அதற்கு மேல் பாறை.

இப்போது ஊரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கொடிக்கால்புதூரில் சொந்தக்காரர்கள் சேர்ந்து குடியிருக்கிற வளவு இரண்டு. வடக்கு வளவுக்குப் பெரியவர் அப்புசாமி. வசந்தாமணியின் அப்பாவுக்கு அண்ணன். தெற்கு வளவுக்குப் பெரியவர் நாச்சிமுத்து. அவள் அம்மாவுக்கு அண்ணன். இந்தப் பெரியப்பாவும் அந்தத் தாய்மாமனும் நேருக்கு நேர் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. எதிரெதிரே நின்றாலும் நடுவில் நிற்கிற மாட்டைப் பார்த்துத்தான் பேசுவார்கள். மாடு இல்லாவிட்டால் பேச்சு இல்லை.

மாரியம்மன் நோம்பிக்கு வருஷா வருஷம் மெல்லிசைக் கச்சேரி வைப்பது வழக்கம். அதற்குப் போஸ்டர். அந்தப் போஸ்டரில் எந்த வரிசையில் படம் வருகிறதோ, அதே வரிசையில்தான் அம்மன் சந்நிதிப் பரிவட்டத்தைத் தலையில் கட்டுவார்கள். அதனால் ஊரில் நாலு பேர் மதிக்கிற ஆள் என்றால் சொந்தமாக ஒரு பிளாக் வைத்திருப்பார். அவர் முகத்தைத் துத்தநாகத் தகட்டில் செதுக்கி மரக்கட்டையில் அடித்த அச்சு. அப்புசாமி தன் பிளாக்கை நிலப் பத்திரத்தோடு இரும்புப் பெட்டியில் வைத்திருந்தார். எடுத்து இருபது வருஷம் ஆகிவிட்டதால் போஸ்டரில் மட்டும் அவருக்கு இன்னும் தலை நரைக்கவில்லை. நாச்சிமுத்துவின் பிளாக் அதைவிடக் கட்டைவிரல் அகலம் பெரியது. பதினோரு வருஷப் பகைக்குக் காரணம் அந்தக் கட்டைவிரல்தான்.

போன வருஷப் போஸ்டரில் நாற்பத்தொரு முகம். பாட்டுக் குழுவின் பெயர் எறும்பு அளவுக்கு ஒரு மூலையில் இருந்தது. அதைக் கரூர் பஸ் நிலையத்தில் பார்த்த ஒருவர், "ஏனுங்க, இத்தனை பேரும் ஒரே பஸ்ஸுலயா போயிட்டாங்க?" என்று துக்கம் விசாரித்தாராம்.

இந்த வருஷம் நம்ம வீட்டுப் பெண்ணே வரையட்டும் என்று இரண்டு பெரியவர்களும் தனித்தனியாகச் சொன்னார்கள். தன் பிளாக்கைத்தான் பெரிதாக வைப்பாள் என்று இருவருக்கும் நம்பிக்கை. வசந்தாமணி இரவு பகலாக யோசித்து வரைந்து கொண்டுவந்தாள். கீழ் மூலையில் ஒரு மைக். அதைப் பிடித்த ஒரு கை. பக்கத்தில் குழுவின் பெயர், நாள், இடம். அடியில் பொடி எழுத்தில் 'வரைந்தவர்: த. வசந்தாமணி'. மீதியெல்லாம் மஞ்சள். அறுத்த மஞ்சள்கிழங்கு நிறத்தில் வெறும் மஞ்சள்.

கோயில் முன் அதை விரித்துப் போட்டதும் நோம்பிக் கமிட்டி முழுக்கக் குனிந்து பார்த்தது.

"சாமி, இந்த எடம் ஆருக்கு?" என்றார் அப்புசாமி.

"ஆருக்கும் இல்லீங்க பெரியப்பா. சும்மா உட்டதுங்க. பாக்கறவங்க கண்ணு போயி நிக்க எடம் வேணுமுங்க."

"கண்ணு நிக்க இம்புட்டு எடமா? ரெண்டு ஏக்கரா இருக்குமாட்டத் தெரியுதே!"

அந்த ஊரில் சும்மா கிடக்கிற இடம் என்று ஒன்று கிடையாது. வாய்க்கால் வரப்பில் முளைக்கிற அறுகம்புல்லுக்குக்கூட உரிமைக்காரர் உண்டு. எனவே ஒருவரும் அவளை நம்பவில்லை. அப்புசாமிக்காக ஒதுக்கிய இடம் அது, கடைசி நேரத்தில் பிளாக்கைச் சொருகிவிடுவார்கள் என்றது தெற்கு வளவு. நாச்சிமுத்து புதிதாக ஆளுயரத்துக்குப் பிளாக் செய்யச் சொல்லியிருக்கிறார் என்றது வடக்கு வளவு. மூன்று நாள் கூட்டம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, வசந்தாமணி விளக்கம் சொல்லச் சொல்லச் சந்தேகம் கூடியது.

கடைசியில் நாச்சிமுத்து, கோயில் மாட்டைப் பார்த்துக் கேட்டார். "எனக்கு இல்லாட்டிப் போவுது. அவுங்களுக்கும் இல்லீல்ல?"

அப்புசாமியும் அதே மாட்டிடம் சொன்னார். "எனக்கும் அதேதான். ஆருக்கும் இல்லாம அப்படியே கெடக்கட்டும்."

பெரியவர்கள் இரண்டு பேரின் முகமும் இல்லாத போஸ்டரில் தன் முகத்தை வைக்க மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் தைரியம் வரவில்லை. இவள் வரைந்தது வரைந்தபடியே அச்சுக்குப் போனது. அன்று ராத்திரி வசந்தாமணி சந்தோஷத்தில் சோறு தின்ன மறந்துவிட்டாள்.

நோம்பிக்கு முதல் நாள் பரமத்தி வேலூர் பஸ் நிலையத்தில் இறங்கியவள், சுவரில் தன் போஸ்டரைப் பார்த்தாள். மஞ்சள் அப்படியே இருந்தது. மைக் இருந்தது, கை இருந்தது. அடியில் அவள் பெயர் மட்டும் இல்லை. அந்த ஒரு விரல்கடை இடமும் வெறும் மஞ்சளாக இருந்தது. அவள் விடாத ஒரே இடம் அதுதான்.

நேரே பெரியப்பா வீட்டுக்கு ஓடினாள்.

"நாந்தாஞ் சாமி அச்சாபீசுல எடுக்கச் சொன்னேன்," என்றார் அப்புசாமி, உபகாரம் செய்த நிம்மதியோடு. "மைதாப் பசையில ஒட்டறாங்க. ரெண்டு நாளு போனாக் கழுதை வந்து திங்கும். நம்மூட்டுப் புள்ள பேரைக் கழுதை திங்கறதா? திருச்செங்கோட்டுக்காரங்க பார்த்தா என்ன நெனப்பாங்க?"

வசந்தாமணி அழுதாள். பெரியப்பா தன் கையாலேயே மோர் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் கண்டு அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. கெட்டவராக இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்திருக்கலாம்.

மறுநாள் விடிந்ததும் வேறொரு வில்லங்கம் முளைத்தது. பூசாரி ரங்கன் பரிவட்டத் துணியை மடித்து வைத்துக்கொண்டு, முதலில் யாருக்குக் கட்டுவது என்று கேட்டார். கமிட்டி போஸ்டரைப் பார்த்தது. வரிசைப்படி முதலில் இருந்தது, பெரிதாக இருந்தது, மஞ்சள். வழக்கத்தை மீறினால் அம்மன் கோபிப்பாள். எனவே முதல் பரிவட்டம் காலி இடத்துக்கு என்று ஏகமனதாக முடிவானது. இந்த ஊர் ஏகமனதாக முடிவெடுத்தது அதுதான் முதல் தடவை.

மேடை நடுவில் கைவைத்த நாற்காலி ஒன்று போட்டார்கள். அதற்குச் சந்தன மாலை. வெயில் ஏறியதும் மின்விசிறி. மணிக்கொரு தடவை காபி; ஆறியதும் எடுத்துப் போய்ச் சூடாக வேறு வைத்தார்கள். பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சல்யூட் வைத்தார். மாட்டுக்கும் அன்று விடுதலை. பெரியவர்கள் இரண்டு பேரும் நாற்காலியைப் பார்த்தே பேசிக்கொண்டார்கள்.

தெற்கு வளவுக் கந்தம்மாள் ஆறு வருஷமாக முதியோர் பென்ஷனுக்கு அலைகிறவள். அவள் வந்து நாற்காலியின் மேல் ஒரு மனுவை வைத்துக் கும்பிட்டாள்.

"அதுல ஆருமே இல்லையே ஆயா?" என்றார் போலீஸ்காரர்.

"இத்தனை நாளு நான் மனுக் குடுத்த நாக்காலியிலெல்லாம் ஆளு இருந்துச்சுங்க. ஒண்ணும் நடக்கலையே," என்றாள் கந்தம்மாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பஸ்ஸில் வந்து இறங்கினார் பரீட்சை அதிகாரி வெள்ளியங்கிரி. கையில் கோப்பு, சட்டைப் பையில் இரண்டு பேனா. மேடையோரம் ஒட்டியிருந்த போஸ்டரை மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாகப் பார்த்தார்.

"நல்லா இருக்குதம்மா. உன் பேரு எங்கே?"

வசந்தாமணி நடந்ததைச் சொன்னாள். கழுதை வரைக்கும் சொன்னாள். அவர் கோப்பைப் பிரித்து விதியை இரண்டு தடவை வாசித்தார்.

"பொதுமக்கள் அறியும்படி வெளியாகணும்னு போட்டிருக்கு. வெளியாகல. ஆறரை பஸ்ஸுக்கு நான் கிளம்பணும். அதுக்குள்ள வெளியானா மார்க்கு. இல்லேன்னா என் கையில ஒண்ணும் இல்லம்மா."

ஆறு மணிக்குப் பரிவட்டம். பூசாரி துணியோடு நாற்காலி முன்னால் போய் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"எங்கீங்க கட்டறது?"

"சாய்மானத்துல கட்டட்டும்," என்றார் அப்புசாமி நாற்காலியிடம்.

"தலைக்குக் கட்டறதை முதுகுலயா கட்டறது? வடக்கு வளவு வழக்கம் அதுதானாட்டிருக்குது," என்றார் நாச்சிமுத்து நாற்காலியிடம்.

அவ்வளவுதான். வடக்கு எழுந்தது, தெற்கு எழுந்தது, வேட்டிகள் மடித்துக் கட்டப்பட்டன. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடிகள் தபேலாவை எடுத்து மூட்டை கட்டத் தொடங்கினார்கள். வசந்தாமணி கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு பத்து. வெள்ளியங்கிரி கோப்பைக் கட்டிக்கொண்டிருந்தார். அவளுக்கு மதராஸ் தெரியவில்லை, மாப்பிள்ளை தெரியவில்லை. சுவரில் இருந்த அந்த விரல்கடை மஞ்சள்தான் கண்ணில் நின்றது. விடுவிடென்று மேடை ஏறினாள். மனுவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

மடித்துக் கட்டிய வேட்டிகளோடு இரண்டு வளவும் மேடைப் பக்கம் திரும்பியது.

"அம்மிணி, எந்திரி! அது ஆருக்குன்னு நெனச்சே?" என்றார் நாச்சிமுத்து.

"எனக்குங்க மாமா."

"ஆருக்கும் இல்லேன்னு நீதானே சொன்னே?"

"அன்னைக்குப் போஸ்டர்ல என்ற பேருக்குன்னு ஒரு எடம் இருந்துச்சுங்க. பெரியப்பா அதை எடுத்துக்கிட்டாரு. வாய்க்கால் வெட்ட ஒருத்தரு நெலத்தை எடுத்தா மாத்து நெலம் குடுக்கோணுமில்லீங்க? ஊருல காலியாக் கெடக்கறது இது ஒண்ணுதானுங்க. நான் எடுத்துக்கிட்டேன்."

அவள் இரண்டு வருஷம் படித்த படிப்பு ஊருக்குப் புரியவில்லை. இது ஒரு நொடியில் புரிந்தது. நிலம் எடுத்தால் மாற்று நிலம். இதில் வடக்கு என்ன, தெற்கு என்ன? கூட்டம் 'அது நாயந்தானே' என்று முணுமுணுத்தது. அப்புசாமி தலையைச் சொறிந்தார். எடுத்தது அவர்தான், மறுக்க வழியில்லை.

"என்ற தம்பி மகதானே, கட்டட்டும்," என்றார் அவர் அவளைப் பார்த்து.

"என்ற தங்கச்சி மக. நான் வேண்டாங்கறனா?" என்றார் நாச்சிமுத்து, அவரும் அவளைப் பார்த்தே.

மறுபடி சண்டை வருவதற்குள் பூசாரி அவள் தலையில் பரிவட்டத்தைக் கட்டி முடிச்சுப் போட்டுவிட்டார். பெண் தலையில் அது ஏறியது அந்தக் கோயிலில் அதுதான் முதல் தடவை என்பது, கட்டி முடித்த பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. அதற்குள் பாட்டுக் குழுக்காரர் மைக்கைப் பிடித்தார். "முதல் பரிவட்டம் பெறுபவர், நமது போஸ்டரை வரைந்த தங்கசாமி மகள் வசந்தாமணி!" தென்னை மரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய் நான்கும் அவள் பெயரை வாங்கிக்கொண்டு, வாழைத் தோட்டம், கரும்புக் காடு தாண்டிக் காவிரி வரைக்கும் கொண்டுபோய்ப் போட்டன. தன் பெயர் அவ்வளவு பெரிது என்று அவளுக்கு அதுவரை தெரியாது. கண் நிறைந்துவிட்டது.

வெள்ளியங்கிரி விதியை அப்படியே கடைப்பிடிக்கிற மனிதர். பக்கத்தில் கடலை விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம், "யாரும்மா அது?" என்று கேட்டார்.

"தங்கசாமி மக வசந்தாமணிங்க. போஸ்டர் வரஞ்ச புள்ள. நாட்டுக்கே தெரியும், நீங்க எந்தூருங்க?"

அவர் பேனாவைத் திறந்து கோப்பில் ஒரு டிக் போட்டார். ஆறரை பஸ்ஸுக்கு ஓடினார்.

கச்சேரி தொடங்கியது. முதல் பாட்டு முடிவதற்குள் கந்தம்மாள் மேடை ஓரமாக வந்து எட்டிப் பார்த்தாள். நாற்காலியில் ஆள் இருப்பதைக் கண்டதும் அவள் முகம் வாடிவிட்டது. வசந்தாமணியின் மடியிலிருந்த மனுவைத் திரும்ப எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு இறங்கிப் போனாள்.