பம்பில் போட்ட பவுடர்

வன்னியம்பட்டிக் கண்மாயில் மண் அள்ளிக்கொண்டிருந்த பழைய பொக்லைனில் டீசல் பம்பு சொட்டுச்சொட்டாக ஒழுகியது.

"பம்பு போச்சுக்கா. கழத்தி ராஜபாளையம் கொண்டுபோயிருவோம்" என்றான் டிரைவர் வினோத்.

வண்டிக்குச் சொந்தக்காரி பாண்டிசெல்விக்குச் சுர்ரென்று ஏறியது. "எங்க ஒழுகுதுன்னு பாத்தியாலே?"

பம்பை ஒட்டத் துடைத்து, அவன் பையிலிருந்த முகப்பவுடரைத் தூவி, வண்டியைக் கிளப்பச் சொன்னாள். பம்பு வெள்ளையாகவே இருந்தது. டீசல் குழாயைப் பிடித்திருந்த போல்ட்டடியில் மட்டும் பவுடர் குழைந்தது. வண்டியை அணைத்து போல்ட்டைக் கழற்றினாள். உள்ளே செப்பு வாஷர் நசுங்கிக் கிடந்தது.

"பில்ட்டர் மாத்தும்போது புது வாஷர் குடுத்தேனே, எங்கலே?"

"பழசு நல்லாத்தான் இருந்துச்சு. புதுசு ஆத்திர அவசரத்துக்கு ஆகுமேன்னு..."

புதுசு வண்டிச் சாவியில் பளபளவென்று தொங்கியது.

அதைப் போட்டு முடுக்கினாள். மறுபடி துடைத்து, பவுடர் தூவிக் கிளப்பினால், பொட்டு ஈரமில்லை. நசுங்கிய வாஷரை வினோத்தின் கையில் வைத்தாள்.

"இதக் கோத்துக்கோ."