மூவாயிரத்துக்கு மேலே

என் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாங்கள் நடத்துவது டிரைவிங் ஸ்கூல். வகுப்பறைப் பாடம் அவருடையது. முக்கோணப் பலகை, வட்டப் பலகை, எங்கே நிறுத்தலாம், எங்கே கூடாது என்று எல்லாம் தலைகீழாகச் சொல்வார். ஸ்டியரிங்கைத் தொடச் சொன்னால் மட்டும் அவசரமாக ஏதோ வேலை வந்துவிடும். சாலையில் சொல்லிக்கொடுப்பது நான். இருபத்திரண்டு வருடமாக இடது பக்க சீட்டில் உட்கார்ந்து, எனக்கென்று வைத்திருக்கும் தனி பிரேக்கின்மேல் காலைத் தொங்கவிட்டபடி, ஊரில் பாதிப் பேருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட எனக்குப் பதினேழு வயதிலிருந்து ஒரு கிறுக்கு. டர்போ வைத்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும். அலமாரிக் கதவின் உட்பக்கம் படம் ஒட்டி வைத்திருந்தேன். கல்யாணமான பிறகு அலமாரி மாறியது, படம் மட்டும் கூடவே வந்தது.

எங்கள் சேமிப்பு ஒரே ஒரு காருக்குத்தான் தாங்கும். ஸ்கூலுக்கு இரண்டாவது பயிற்சிக் கார் வாங்கலாம் என்று அவர் இரண்டு வருடமாகச் சொல்லி வந்தார். நான் விடவில்லை. கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணி வரைக்கும் டைம். போய்ப் பாரு, ஓட்டிப் பாரு. உனக்கு உண்மையிலேயே சந்தோஷமா இருந்தா வாங்கிக்க. அலமாரியில இருந்த படத்தைக் கொண்டுவந்து வாசல்ல நிறுத்தற மாதிரி இருந்தா வேண்டாம். ஸ்கூல் காரை வாங்கிட்டு, இந்தப் பேச்சை இத்தோட விட்டுடணும்."

"எனக்குச் சந்தோஷமா, இல்லையான்னு யார் சொல்றது?"

"உன் மூஞ்சி சொல்லும். இருபது வருஷமாப் பார்க்கறேன்."

இப்படித்தான் ஞாயிறு காலை பத்து மணிக்கு, பழைய ஸ்போர்ட்ஸ் கார் விற்கிறார் என்று கேள்விப்பட்ட ஒரு லிஃப்ட் மெக்கானிக் வீட்டு வாசலில் போய் நின்றோம். அவரிடம் இரண்டு கார்கள் இருந்தன, ஒரு சிவப்பு, ஒரு வெள்ளி நிறம். இரண்டுமே எங்கள் கல்யாணத்தைவிட மூத்தவை. இரண்டும் ஒரே ஷெட்டில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. அவர் மனைவி தையல்காரர். துணி வெட்டும் மேசை போட அவருக்கு அந்த ஷெட்டில் பாதி வேண்டும்.

"எது வேணும்னாலும் எடுத்துக்கம்மா," என்றார் அந்த அக்கா. "இவரை விட்டா எதை விக்கறதுன்னு அடுத்த பிறவியிலதான் முடிவு பண்ணுவார். அதான் வர்றவங்களே முடிவு பண்ணட்டும்னு சொல்லிட்டேன்."

மனிதர் பாவம், இரண்டில் எதையும் விட மனசில்லாமல் தவித்தார். நான் சிவப்பின் கதவைத் தொட்டால், "வெள்ளி ரொம்ப நம்பகமான வண்டி மேடம்," என்பார். சரி என்று வெள்ளிப் பக்கம் நகர்ந்தால், "சிவப்பு மாதிரி வண்டியை இப்ப யார் செய்யறாங்க?" என்பார். நான் வேண்டுமென்றே நாலு தடவை மாறி மாறி நடந்தேன். நாலு தடவையும் பேச்சு மாறியது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

டர்போ என்பது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. எஞ்சினிலிருந்து வெளியே போகிற புகை ஒரு சின்ன விசிறியைச் சுற்றும். அது சுற்றுகிற வேகத்தில் எஞ்சினுக்குள் இன்னும் நிறையக் காற்று போய் அடையும். பழைய வண்டிகளில் அந்த விசிறி வேகம் பிடிக்கக் கொஞ்சம் நேரமாகும். அதுவரை சாதாரண கார்தான். பிடித்துவிட்டால் வேறு கார். இதையெல்லாம் நான் முப்பது வருடமாகப் படித்து வைத்திருந்தேன். ஓட்டியது மட்டும் இல்லை.

முதலில் வெள்ளி. மெக்கானிக் முன்னால் உட்கார்ந்தார், என் கணவர் பின்னால் முழங்கால் இரண்டையும் காதருகே மடித்து வைத்துக்கொண்டார். ஊருக்கு வெளியே கிடங்குகளை ஒட்டி ஒரு நேர் சாலை, ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஈ காக்கை இல்லை. போனேன், திரும்பினேன், வந்தேன். கார் நன்றாகத்தான் இருந்தது. எங்கள் பயிற்சிக் காரும் இப்படித்தான் நன்றாக இருக்கும்.

பிறகு சிவப்பு. அதில் இரண்டே சீட்.

"சாரே உங்ககூடப் போயிட்டு வரட்டும்," என்றார் மெக்கானிக். "டிரைவிங் ஸ்கூல் நடத்தறவங்களை நம்பாம வேற யாரை நம்பறது? ஒண்ணு மட்டும் மேடம், ஓட்டி முடிச்சதும் டக்குனு ஆஃப் பண்ணிடாதீங்க. ஒரு ரெண்டு நிமிஷம் சும்மா ஓட விடுங்க. டர்போ சூடு தணியணும்."

சிவப்பு வெள்ளியைவிட மோசம். ஸ்டியரிங் கனம், கிளட்ச் கல். மிதித்தால் உறுமியது, அதற்கேற்ற வேகம் வரவில்லை. இரண்டு தடவை போய் வந்தேன். மெக்கானிக் வீட்டு வாசலில் நிறுத்தினேன். மணி பதினொன்று இருபது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏமாற்றம்தான், வேறென்ன. முப்பது வருடம் ஒரு படத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டியிருக்கிறேன் என்று தோன்றியது. வெட்கமாகவும் இருந்தது.

"ஸ்கூல் காரே வாங்கிடலாங்க," என்றேன்.

சாவியைத் திருகப் போனேன். இரண்டு நிமிடம் ஓட விடச் சொன்னது நினைவுக்கு வந்து கையை எடுத்துக்கொண்டேன். எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து டாஷ்போர்டைப் பார்த்தார்.

"ஒண்ணு கேக்கவா?" என்றார் அவர். "இந்த முள்ளு இருக்கே, ஆயிரம் ரெண்டாயிரம்னு போட்டிருக்கிறது, இது என்ன?"

"எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்துதுன்னு காட்டும். டர்போ எப்ப பிடிக்குங்கிறது அதை வெச்சுத்தான்."

"இந்த வண்டியில எப்ப பிடிக்கும்?"

"மூவாயிரத்தைந்நூறுல."

"நீ அங்கே போகவே இல்லையே."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"மூவாயிரம் வந்ததும் நீ காலை எடுத்துடறே. வெள்ளியில ஏழு தடவை, இதுல ஒன்பது தடவை. நான் எண்ணினேன். வேற என்ன வேலை எனக்கு?"

அப்போதுதான் விளங்கியது. 'சத்தம் ஏறினா காலை எடு.' என் பாடம்தான். கற்றுக்கொள்ள வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்வேன். எஞ்சின் சத்தம் ஏறினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடு, கியரை மாற்று. சொல்லிச் சொல்லி என் காலே அந்தப் பாடத்தை மனப்பாடம் செய்திருக்கிறது. டர்போ பிடிப்பதோ சத்தம் ஏறிய பிறகு. இரண்டு காரிலும் வாசல் வரை போய், கதவைத் தட்டாமல் பதினாறு தடவை திரும்பி வந்திருக்கிறேன்.

"சீட் பெல்ட்டைப் போடுங்க," என்றேன்.

"கழட்டவே இல்லையே நான்."

மறுபடி கிடங்குச் சாலை. இரண்டாவது கியர். மிதித்தேன். இரண்டாயிரம். இரண்டாயிரத்தைந்நூறு. சத்தம் ஏறியது, கால் கிளம்பிவிட்டது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை, யாருடைய கால் இது?

"எடுக்காதே," என்றார் அவர்.

மூவாயிரம். சத்தம் மட்டும் இருக்கிறது, வேறொன்றும் நடக்கவில்லை. கால் கட்டை விரல் இழுத்துப் பிடித்தது. தப்பு செய்கிறாய் என்று உடம்பு முழுக்கச் சொன்னது.

"எடுக்காதே, எடுக்காதே."

எடுக்கவில்லை.

யாரோ பின்னாலிருந்து சீட்டோடு சேர்த்து என்னைத் தூக்கி எறிந்தார்கள். சாலை முழுவதும் ஒரே நேரத்தில் என்னிடம் ஓடி வந்தது. என் கணவரின் மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. அவர் ஒரு சத்தம் போட்டார், அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. நான் சிரித்துக்கொண்டிருந்தேன். காரணமில்லாமல், வெட்கமில்லாமல், விக்கல் எடுக்கும் வரை சிரித்தேன். மூன்றாவது கியருக்கு மாற்றக் காலை எடுத்ததும் பின்னால் எங்கேயோ 'புஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு விட்டது வண்டி. அதற்கும் சிரித்தேன்.

நாங்கள் ஆறு தடவை போய் வந்தோம். ஒரே ஒரு தடவை போதும் என்றுதான் போனோம்.

நியாயம் என்று ஒன்று இருக்கிறதே, வெள்ளியையும் மறுபடி எடுத்தேன், காலை எடுக்காமல். வெள்ளி அசத்திவிட்டது. நாலு சக்கரமும் தரையைக் கவ்விப் பிடித்து, தூக்கி எறியாமல், மூவாயிரத்தைத் தாண்டிய நொடியிலேயே கேட்டதைக் கொடுத்தது. சிவப்பைவிட வேகம். என் கணவரே பின் சீட்டிலிருந்து, "இதுதான் புத்திசாலித்தனம்," என்றார்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஷெட் வாசலில் நாலு பேரும் நின்றோம். தையல்கார அக்கா கையில் அளவு நாடா.

"சிவப்பு," என்றேன்.

மெக்கானிக்கின் முகம் விழுந்தது. "வெள்ளிதான் மேடம் எல்லா விதத்துலயும் மேல. யாரை வேணா கேளுங்க."

"தெரியும். வெள்ளியில மிதிச்சா ஓடுது, அவ்வளவுதான். சிவப்புல மூவாயிரத்துக்கும் மூவாயிரத்தைந்நூறுக்கும் நடுவுல ஒண்ணுமே நடக்கறதில்லை பாருங்க. அந்த நேரத்துல காலை எடுக்காம இருக்கணும். எனக்கு அதுதான் வேணும்."

அவருக்குப் புரிந்ததா தெரியாது. அக்காவுக்குப் புரிந்திருக்க வேண்டும், சிரித்தார். "போதும், சாவியைக் குடுங்க," என்று தன் கணவரிடம் சொல்லிவிட்டு, சிவப்பு நின்ற இடத்தில் குனிந்து அளக்கத் தொடங்கினார்.

என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். ஒப்பந்தம் அப்படி. வெகு நேரம் பார்க்க அவசியம் இருக்கவில்லை, விக்கல் இன்னும் நிற்கவில்லை.

"ஸ்கூல் கார் என்ன ஆகறது?" என்று நானே கேட்டேன்.

"இருக்கிற காரே இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்," என்றார், இரண்டு வருடமாக ஸ்கூல் கார் கேட்டதே வேறு யாரோ மாதிரி.

பேப்பர் வேலையெல்லாம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பினோம். புது வண்டி, சொந்த வண்டி. திடீரென்று எனக்குப் பொறுப்பு வந்துவிட்டது. ஊரைத் தாண்டிய பெரிய சாலையில், காலி சாலையில், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஐம்பதில் உருட்டிக்கொண்டு போனேன். முள் இரண்டாயிரத்தில் படுத்துக் கிடந்தது.

அவர் தொண்டையைச் செருமினார். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து எந்தச் சாலையில் போனாலும் பலகைகளை வாய்விட்டுப் படிப்பார். வளைவு, மெதுவாக. பள்ளி, மெதுவாக. குறுகிய பாலம், மெதுவாக.

"அந்தப் போர்டைப் பார்த்தியா?" என்றார்.

"எது?"

"வட்டப் போர்டு. எண்பது வரைக்கும் போகலாம்னு போட்டிருக்கு."

"பார்த்தேன்."

"இல்லை, நீ ஐம்பதுல போறே. அதான் சொன்னேன்."

திரும்பிப் பார்த்தேன். மனிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தார்.