நாற்பத்தாறாம் அளவுச் செருப்பு

1

இந்தக் கதை ஒரு பூக்காரியின் வசவில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லறைத் தோட்டத்துக்கு இறங்கும் ரயில் நிலையத்தில் கடை வைத்திருப்பவள்.

"ரெண்டு வருஷமா பாக்கறேன். அஞ்சு அஞ்சா வாங்கற. செத்தவங்களுக்கு ரெட்டைப்படை, உயிரோட இருக்கறவங்களுக்கு ஒத்தப்படை. சின்னப் பிள்ளைக்கே தெரியும். யாரை ஏமாத்தற?"

அன்று கல்லறைக்குப் போகவில்லை. ஐந்து கார்னேஷன் பூக்களோடு அடுத்த ரயிலில் ஏறினேன்.

2

பனி உருகும் ஏப்ரலில், மகத்தான எழுத்தாளரின் வீட்டைத் தேடி

(நிறுத்திவிட்டேன். நான் தேடிப் போனது அவரை அல்ல.)

என் மனைவி தாஸ்யா அவரைப் பற்றி ஆய்வு செய்தாள். பெயர் வேண்டாம், எங்கள் வீட்டில் அவர் 'கிழவர்'. கிழவர் தன் கடைசி நாவலில், ஓடிப்போன கணவனை மனைவி மன்னிக்கும் பக்கத்தை எழுதி, ஒற்றைக் கோட்டால் அடித்தார். வாசிக்க முடிகிற மாதிரிதான் அடித்தார் என்பது தாஸ்யாவின் வாதம். அருங்காட்சியகமாகிவிட்ட அவர் வீட்டில் இருக்கும் அந்தப் பக்கத்தைப் பார்க்க என்னையும் கூப்பிட்டாள்.

"செத்தவர் மேசையைப் பாக்க ஒரு ஞாயித்துக்கிழமையா?" என்றேன்.

கதவை அறைந்துவிட்டுத் தனியாகப் போனாள். திரும்பிய பிறகு இருவரும் அதைப் பேசவில்லை. மூன்று வாரத்தில் மூளையில் ரத்தம் கசிந்து இறந்தாள். அன்று கோபத்தோடுதான் அங்கே நின்றாளா? இந்தக் கதைக்கு வேறு கேள்வி இல்லை.

3

(வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ராயிஸா ஸவேல்யெவ்னாவை முதல் வரைவில் அன்பானவராக எழுதினேன். அடித்துவிட்டேன்.)

"பூட்ஸு மேல கம்பளிச் செருப்பை மாட்டு. தரை தேயும்."

"நுழையலைங்க, ராயிஸா ஸவேல்யெவ்னா."

"காலா அது, படகா? நாப்பத்திநாலுக்கு மேல இங்க கிடையாது. இப்படித்தான் ஒருத்தி, புருஷனுக்கு நாப்பத்தாறு வேணும்னு வருகைப் புத்தகத்துல எழுதிட்டுப் போனா. மேலிடத்துக்குக் கடுதாசி போட்டேன். இன்னும் பதில் இல்ல."

என் கால் அளவு நாற்பத்தாறு.

"அந்தப் புத்தகத்தைக் காட்டுவீங்களா?"

"முதல்ல எழுத்தாளரைப் பாரு. எல்லாரும் அவரைப் பாக்கத்தான் வராங்க."

விரல் நுனியில் செருப்பைத் தொங்கவிட்டபடி தரையில் வழுக்கிப் போனேன். கண்ணாடிக்கு அடியில் அந்தப் பக்கம். ஒரே கோடு. 'உள்ளே வா, சூப் ஆறுகிறது' என்று அந்த மனைவி சொல்வது தெளிவாகத் தெரிந்தது. தாஸ்யா சொன்னது சரி.

4

வருகைப் புத்தகத்தில் தாஸ்யாவின் கையெழுத்து வலப்பக்கம் சாய்ந்திருந்தது. முதல் வாக்கியத்தை ஒற்றைக் கோட்டால் அடித்திருந்தாள்:

'க்ளெப் வராததும் நல்லதுதான். ஐந்தே நிமிடத்தில் பசிக்கிறது என்பான்.'

க்ளெப் நான்தான். அதன் கீழே: 'அடுத்த முறை இழுத்து வருகிறேன். அவனுக்கு நாற்பத்தாறு வேண்டும். தயவுசெய்து.'

(இங்கே அழுதேன் என்று எழுத நினைத்தேன். அழவில்லை. சிரித்தேன். பிறகு பசித்தது.)

ராயிஸா எட்டிப் பார்த்தார். என் காலைப் பார்த்தார்.

"நீதானா அந்தப் படகு? எங்க அவ?"

சொன்னேன். அவர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். பிறகு ஒரு தட்டு மாவுப் பணியாரத்தை என் பக்கம் தள்ளினார்.

"முட்டைக்கோஸ் வெச்சது. தின்னு. பூ யாருக்கு?"

ஒன்றை உருவி நீட்டினேன்.

"ஒண்ணே ஒண்ணா? கஞ்சப் பயலே," என்று வாங்கி, காதருகே செருகிக்கொண்டார்.

5

திரும்பும் ரயில் கல்லறைத் தோட்ட நிலையத்தில் அரை நிமிடம் நிற்கும்.

முடிவு ஒன்று: இறங்கினேன்.

முடிவு இரண்டு: கதவு மூடிக்கொண்டது, வீட்டுக்குப் போய்ப் பூக்களைத் தண்ணீரில் வைத்தேன்.

இரண்டையும் ஒற்றைக் கோட்டால் அடித்திருக்கிறேன். வாசிக்க முடிகிற மாதிரிதான். வேண்டியதை வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லக்கூடியது இவ்வளவே: கதவு திறந்திருக்கிறது, வயிறு நிறைந்திருக்கிறது, கையில் பூக்கள் நான்கு.